இரைச்சல் என்றார்கள்!

(கண்டியில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



1974இல் நியூயோர்க்கில் தோன்றி, 1996 ஓகஸ்ட் 6ஆம் நாள் ஹொலிவூட்டில் இறுதிக் கச்சேரி செய்து விடைபெற்ற ‘றமோன்ஸ்’ குழுவினரைப் போற்ற எழுந்துள்ளேன். மலைநாட்டார் கூட்டத்தில் அவர்களுக்கென்ன இடம் என்பீர்கள். சொல்லுகிறேன்.

உடன்பிறவாத நால்வர் ‘றமோன்’ என்ற ஒரே குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டனர். பங்க் என்னும் முரட்டிசைக்கு வழிகோலியவருள் முதல்வர் அவர்கள். இரண்டு நிமிடப் பாட்டு. கிற்றாரில் விரல்விட்டு எண்ணத்தக்க சுரக்கூட்டுகள். “இது இசையா, இரைச்சலா?” என்று எள்ளினர். 1976இல் வெளிவந்த முதல் இசைத்தட்டு அதிகம் விலைபோகவில்லை. எனினும் 2,200க்கு மேற்பட்ட மேடைகளில் முழங்கினர்.

இரைச்சல்! இச்சொல் நமக்குப் புதிதா? தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு அழைத்ததும் தப்பு. காமன் கூத்தில் முழங்கியதும் தப்பு. அதனையும் இரைச்சலென்றே ஒதுக்கினர். வெளியார் மட்டுமா? அடிப்பவன் சாதியை எண்ணி நாமும் ஒதுக்கினோம். கண்டியில் கற்ற காலத்தில், தோட்டத்தான் என்று அறிந்துவிடுவரே என அஞ்சி, தப்போசை கேட்டால் நான் வேறு தெருவால் நடந்ததுண்டு. எளிய கருவியில் உயிரே முழங்குவதை றமோன்ஸிடம் கேட்ட பின்னரே அந்த நாணத்தை எண்ணி நாணினேன்.

அந்நால்வரும் 2014க்குள் மறைந்தனர். மாலை சூட்ட வழியில்லை. இன்று தப்பு முழக்கி நம்மை இம்மண்டபத்துக்கு அழைத்து வந்தவர்களோ இன்னும் வாயிலில் நிற்கின்றனர். தலைவர் அவர்களே, அவர்களை உள்ளே அழைத்து முன்வரிசையில் அமர்த்துமாறு வேண்டுகிறேன்.