காணாத வெடிப்பைக் காட்டும் சாயம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மிஷன் பாடசாலையிற் படித்து இப்பொழுது பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலும் எனக்கு இம்மேடையிற் பேச இடமளித்த சங்கத்தாருக்கு என் நன்றி உரித்தாகுக.

இரண்டு வருடங்களுக்கு முன், என் சிற்றப்பாவின் படகு கரை மறையும் தூரஞ் சென்றிருந்த வேளையில், எஞ்சினைப் பின்பலகையோடு இறுக்கும் அலுமினியப் பிடி முறிந்து, எஞ்சின் கடலில் வீழ்ந்தது. மாலையில் வேறொரு படகு கண்டு இழுத்து வந்திராவிடின், அவரை நாம் மீண்டுங் கண்டிருப்போமா? அதற்கு முந்திய வாரந்தான் ஒரு பட்டறையில் அப்பிடியைப் பார்த்து, “ஒரு குறையுமில்லை” என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள்.

மிஞ்சிய துண்டை நான் ஆய்வுகூடத்திற்குக் கொண்டுசென்று, உட்புகு சாயச் சோதனை செய்து பார்த்தேன். முறிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, வெண்மையான பரப்பின்மேல், இன்னொரு செந்நிறக் கோடு மெல்ல மெல்ல எழுந்தது. சிற்றப்பா தினமுந் தொட்டுப் பார்த்த இடம் அது!

இதில் மாயம் ஒன்றுமில்லை. வீட்டிலே பழைய தேநீர்க் கோப்பையைப் பாருங்கள். புதிதில் தெரியாத மயிரிழை வெடிப்பு, தேநீர் ஊறியபின் பழுப்புக் கோடாகத் தெரிகிறதன்றோ? நுண்ணிய பிளவினுள் திரவம் தானாகவே ஏறும் இயல்பே இதற்குக் காரணம்.

செய்முறை எளிது. முதலில் பெயின்ற், எண்ணெய், துரு யாவற்றையும் நீக்கி உலர்த்த வேண்டும். சிவப்புச் சாயத்தைத் தெளித்துப் பத்து நிமிடமேனும் ஊறவிட வேண்டும். பின், கரைப்பானில் நனைத்த துணியால் மேற்பரப்பை மட்டும் துடைக்க வேண்டும். கரைப்பானை நேரே தெளித்தால் வெடிப்பினுள் இருக்கும் சாயமும் கழுவுண்டு போகும். இறுதியில் வெண்பொடியைத் தெளித்துக் காத்திருந்தால், உள்ளே ஒளிந்த சாயத்தைப் பொடி உறிஞ்சி வெளியே காட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே புகையிரதப் பட்டறைகளில் எண்ணெயுஞ் சுண்ணப்பொடியுங் கொண்டு இவ்வாறு சோதித்தார்கள். 1940களில், இருட்டறையில் ஊதாக்கடந்த ஒளிபட்டு மின்னும் சாயம் வந்தது. காந்தம் பற்றாத அலுமினியம், வெண்கலம், துருவேறா உருக்கு ஆகியவற்றுக்கு இச்சோதனை பெரிதும் உதவுகிறது. நமது நுரைச்சோலையிலே 900 மெகாவாற்று அனல்மின் நிலையம் நிற்கிறது. அத்தகைய நிலையங்களின் குழாய் ஒட்டுகளைச் சோதிக்க உலகெங்கும் கையாளும் முறைகளுள் இதுவும் ஒன்று.

ஆயினும் சாயத்தை மட்டும் நம்பினாற் போதாது. 1989 யூலை 19 ஆந் தேதி, அமெரிக்காவின் சூ சிற்றியில் ஒரு விமானம் வீழ்ந்து, 296 பேரில் 112 பேர் மாண்டனர். வால்பக்க எஞ்சினின் தைற்றேனியத் தட்டு வெடித்ததே காரணம். அத்தட்டை முந்திய வருடந்தான் மின்னுஞ் சாயத்தால் சோதித்திருந்தார்கள். அப்பொழுதே ஏறக்குறைய அரை அங்குல வெடிப்பு அதில் இருந்ததென்று விசாரணையாளர் முடிவு செய்தனர். சோதிப்பவரும் மனிதர், அவர் கண் தவறக்கூடும் என்பதற்குப் போதிய ஏற்பாடு இருக்கவில்லை என்பதே அவர்களின் தீர்ப்பு.

ஆகவே ஒரு வேண்டுகோள். சோழகம் தணிந்து படகுகள் கடலில் இறங்குமுன், எஞ்சின் பிடிகளைச் சோதிக்க நம் சங்கம் ஒருநாளை ஒதுக்கட்டும். தேவையானவை மூன்று குப்பிகளும் பழந்துணியும் பொறுமையுமே. தீயை மட்டும் அண்ட விடலாகாது. களனியில் அணுசக்திச் சபையின் நிலையம் இதற்குப் பயிற்சி அளிக்கிறது. நம்மில் இருவர் முதலில் அங்கு சென்று கற்று வரட்டும். சிவப்புக் கோடு தோன்றினால், யாருடைய படகாயினும் அப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். கோடு தோன்றாவிட்டால், மேற்பரப்பில் ஒன்றும் காணவில்லை என்று மட்டுமே சொல்ல வேண்டும். உள்ளே மறைந்திருப்பதைச் சாயம் அறியாது.

“குறையில்லை” என்ற சொல்லை நம்பித்தான் ஒருவர் கடலுக்குப் போகிறார். அதைச் சொல்லுமுன் பத்து நிமிடங் காத்திருப்போம்.