வெட்டு யாருக்காக?

(தாம்பரத்தில் மாணவத் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் பகலெல்லாம் நோட்டு எண்ணுகிறவன் நான். அந்தப் பழக்கத்தில் படம் பார்க்கும்போதும் எண்ணுவேன். ஒரு ஷாட் தொடங்கி வெட்டு விழும்வரை எத்தனை விநாடி? படத்தின் மொத்த நேரத்தை ஷாட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி கிடைக்கும். பெரிய வணிகப் படங்களில் அது சில விநாடிதான். ஒரு முகத்தில் கண் நிற்பதற்குள் அடுத்தது வந்துடும்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' வேற மாதிரி. 2021-ல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்ற படம். பஸ் காசை மகன் கிழித்துப்போட, அப்பனும் பிள்ளையும் வெயிலில் நடக்கிறார்கள். வெட்டாமல் நெடுநேரம் கேமராவும் கூடவே நடக்குது. தூரம் நம்ம காலுக்கே தெரியுது.

காசில்லாததால நீளமா எடுக்கிறாங்கன்னு சிலர் சொல்றாங்க. அப்படியில்லை. எங்கே வெட்டுவது என்பது அரசியல். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தில் மலம் அள்ளும் கைகளைப் பார்த்ததும் நாம முகத்தைத் திருப்புறோம். 1993-லும் 2013-லும் சட்டம் போட்டுத் தடுத்த வேலை அது. அங்கே வெட்டினால் ஆறுதல் நமக்கு; அள்ளுகிறவருக்கு இல்லை.

ஆனால் நீளம் மட்டுமே நேர்மையாகிவிடாது. அவமானப்பட்ட உடம்பை வெறித்துக்கொண்டே இருப்பதும் வன்முறைதான். அவர் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள், பிறகு வெட்டுங்கள்.

செல்போனில் படமெடுக்கப் போகிற தம்பி தங்கைகளே, ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்: இது யாருக்காக?