பூட்டை நம்பிக் குழலைத் திருப்பாதீர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம ஊர்ப் பெயரே ஒரு பழுதிலிருந்து வந்ததுன்னு பெரியவங்க சொல்வாங்க. திரிபுரத்தை அழிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் அச்சு இற்றுப்போன இடம். 'அச்சு இறு பாக்கம்' அச்சரப்பாக்கம் ஆயிற்று என்பது ஆட்சீஸ்வரர் கோயில் தலபுராணம். வில்லும் அம்பும் தயாராக இருந்தும் கீழே ஓர் அச்சு முறிந்ததால் தேர் நின்றுவிட்டது. நான் இன்று பேச வந்ததும் ஆயுதத்தின் ஒரு சின்ன பாகத்தைப் பற்றித்தான். அது துப்பாக்கியின் விசை, அதாவது டிரிக்கர்.

என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டவங்க இங்கே பலர் இருப்பீங்க. விசையை இழுத்தால் உள்ளே என்ன நடக்கிறது? அழுத்தப்பட்ட ஸ்பிரிங் ஒன்று, குத்தும் ஊசியைத் தள்ளக் காத்திருக்கும். அதை 'சியர்' என்ற சிறு உலோக விளிம்பு பிடித்து நிறுத்தியிருக்கும். விசையை இழுத்ததும் பிடி நழுவும். ஊசி பாய்ந்து தோட்டாவின் அடியில் குத்தும். அந்தப் பிடிமானம் பல துப்பாக்கிகளில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. விளிம்பு தேய்ந்தாலோ, மண்ணும் காய்ந்த எண்ணெயும் இடையில் சேர்ந்தாலோ, விசையைத் தொடாமலே வெடிக்கும் அபாயம் உண்டு.

நம் நாட்டு உதாரணம் ஒன்று சொல்றேன். 1966-இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் தயாரான 5.56 மி.மீ. இன்சாஸ் ரைஃபிளை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. குண்டு வீணாகாமல் இருக்க, ஒருமுறை இழுத்தால் மூன்று குண்டோடு நிற்கும் ஏற்பாடு அதில் இருந்தது. 1999 கார்கில் போரை ஒட்டி வந்த புகார்களில், கடுங்குளிரில் மேகசின் விரிசல் விட்டது ஒன்று. மூன்றில் நிற்க வேண்டிய துப்பாக்கி நிற்காமல் தொடர்ந்து சுட்டது இன்னொன்று. பிற்பாடு திருத்திய வகைகள் வந்தன. படைவீரர் சொன்ன புகார் வரைபடப் பலகைக்கு வந்து சேர்ந்தால்தான் திருத்தம் பிறக்கும்.

புகார் வந்து சேர்ந்தும் திருத்தம் நடக்காவிட்டால்? அமெரிக்காவில் 1962-இல் வெளிவந்த ரெமிங்டன் 700 ரைஃபிளைப் பாருங்க. அதன் விசை அமைப்பில் விசைக்கும் சியருக்கும் நடுவே, ஸ்பிரிங் மட்டுமே பிடித்திருக்கும் ஒரு தனித் துண்டு உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது விலகித் திரும்பும். அந்த இடைவெளியில் தூசி தங்கினால் பிடிமானம் குறைந்துவிடும். அமைப்பை உருவாக்கிய மைக் வாக்கரே 1940-களில் அபாயத்தைக் குறிப்பிட்டு, ஒரு திருத்தமும் சொன்னார். செலவு துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட். திருத்தம் நடக்கவில்லை. துப்பாக்கியில் குறையில்லை என்றே நிறுவனம் கடைசிவரை சொல்லிவந்தது.

1982-க்கு முன் வந்த அந்த ரைஃபிள்களில் சேஃப்டி பூட்டைப் போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். தோட்டாவை வெளியே எடுக்கவே பூட்டைத் திறக்க வேண்டும்! 2000-ஆம் ஆண்டு மொன்டானா மாநிலத்தில் ஒரு தாய், காலி செய்வதற்காகத்தான் பூட்டைத் திறந்தார். துப்பாக்கி வெடித்தது. குண்டு எதிரே நின்ற, குதிரைகளை ஏற்றிச் செல்லும் டிரெய்லரைத் துளைத்து, அதற்கு அப்பால் இருந்த 9 வயது மகனைக் கொன்றது. 2014-இல் அதே நிறுவனம் புதிய வகை விசை பொருத்திய துப்பாக்கிகளையும் திரும்ப அழைத்தது. காரணம், பொருத்தும்போது கூடுதலாகப் பூசப்பட்ட பசை!

குண்டு போய்ச் சேரும் இடம் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு, வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் பாய்ந்தது; சில நாளில் அவன் உயிரிழந்தான். அது விசைப் பழுது அல்ல. ஆனாலும் குழல் பார்க்கும் திசையில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அங்கேயும் அதேதான்.

தம்பி தங்கைகளே, "பூட்டு போட்டிருக்கு சார்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீங்க. பூட்டும் தேய்கிற ஓர் இரும்புத் துண்டுதான். குழல் எப்போதும் இலக்குத் திசையிலேயே இருக்கட்டும். சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். காலி என்று யார் சொன்னாலும் நீங்களே திறந்து பாருங்க. விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? உடனே திறக்காதீங்க. குழலைத் திருப்பாமல் 30 விநாடி பொறுத்து, பயிற்சியாளரைக் கூப்பிடுங்க; சில தோட்டா தாமதமாக வெடிக்கும். விசை லேசாகட்டும் என்று அரம் போட்டுத் தேய்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

பொறியாளராக வெளியே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்க செய்யப்போவது துப்பாக்கியாக இருக்காது. பிரேக்காக, லிஃப்ட்டாக, பிரஷர் குக்கராக இருக்கலாம். "எப்பவாவது இப்படி ஆகுது" என்று யாராவது சொன்னால், ஆளைக் குறை சொல்லும் முன் பாகத்தைக் கழற்றிப் பாருங்க. சந்தேகம் வந்தால் எழுத்தில் கொடுங்க. பதில் வரும்வரை விடாமல் கேளுங்க. ஐந்தரை சென்ட் மிச்சம் என்று மேலிடம் சொன்னால், அந்த 9 வயதுப் பையனை நினைச்சுக்கோங்க.