இசைத்தட்டில் எஞ்சிய கிட்டப்பா
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா அவர்கள் பாடிய இசைத்தட்டுகளை இன்று மாலை நம் சங்கக் கட்டடத்தில் யாவரும் கேட்டு இன்புறுமாறு ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னர் அப்பாடகரைக் குறித்துச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று நிர்வாகிகள் கட்டளையிட்டார்கள். சங்கீத சாஸ்திரத்தில் நாம் தேர்ச்சி பெற்றவர் அல்லோம். பல ஆண்டுகளாக அத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்த அபிமானம் ஒன்றே நமக்குள்ள யோக்கியதை.

"கிட்டப்பா நம் சமூகத்தவர் அல்லரே, நம் மேடையில் அவரைப் பற்றிய பேச்சு எதற்கு?" என்று அங்கத்தினர் இருவர் வினவியதாகக் கேள்வியுற்றோம். வினா நியாயமானதே. அவர் பிறந்தது அந்தண குலம். ஆனால் அவர் பாட்டைக் கேட்டவர்கள் யாவர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சங்கீத சபைகளுக்குச் சந்தா செலுத்திக் கச்சேரி கேட்ட கூட்டத்தில் நம் பாட்டன்மார் மிகச் சிலரே. அவர்கள் அறிந்த சங்கீதம் கோயில் திருவிழாவில் விடிய விடிய ஒலித்த நாதசுரம்; அதை விட்டால் நாடகக் கொட்டகை. பகலெல்லாம் கடையில் நிறுத்தும் அளந்தும் ஓய்ந்தவர்கள், இரவு தரை டிக்கட்டு வாங்கி மணலில் துண்டை விரித்து அமர்ந்து, தியாகையர் கீர்த்தனம் ஒன்றை முதன்முதல் கேட்டது அக்கொட்டகையிலேதான். சபை மண்டபத்துக்குள் இருந்த வித்தையைத் தெருவுக்குக் கொண்டுவந்து கொடுத்தவர்களுள் தலையாயவர் கிட்டப்பா. ஆகவே இது பிறர் வீட்டுக் கதையன்று. நாம் பட்ட கடன்.

அவர் சரித்திரத்தை விரித்துரைக்க இங்கே நேரமில்லை. 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சார்ந்திருந்த செங்கோட்டையில் பிறந்தார். பள்ளிப் படிப்பை விட நாடகப் படிப்பே அவருக்கு வாய்த்தது. சிறு பிராயத்திலேயே மேடையேறினார். கன்னையா அவர்களின் கம்பெனி நடத்திய தசாவதார நாடகத்தில் பரதனாக வந்து அவர் பாடியதைக் கேட்கவே ஜனங்கள் திரண்டார்கள். பின்னர் ஸ்பெஷல் நாடக மேடையில் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் வள்ளியாகவும் இவர் வேலனாகவும் எதிரெதிர் நின்று பாடிய காலம் வந்தது. இருவரும் 1927-ஆம் ஆண்டு மணம் புரிந்துகொண்டனர். 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா காலமானார். வயது இருபத்தேழும் சில மாதங்களும். நம் வீடுகளில் அந்த வயதுப் பிள்ளையை இன்னும் கடையில் தனியே விடமாட்டோம்.

இனி, நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். கிட்டப்பாவை நேரிற் கேட்டவர் ஒருவரேனும் இச்சபையில் இல்லை, இருத்தலும் இயலாது. அவர் இறந்த ஆண்டில் பத்து வயதாயிருந்த சிறுவனுக்கு இன்று நூறு கடந்திருக்கும். "அதைக் கேட்டிருக்க வேண்டுமடா!" என்று திண்ணையிலிருந்து கையை உயர்த்திக் காட்டிய பெரியவர்களும் போய்விட்டார்கள். எஞ்சியிருப்பவை தட்டுகள் மாத்திரமே. தமிழ் பேசிய முதற் படமாகிய காளிதாஸ் 1931-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. அதற்கப்பால் இரண்டே ஆண்டுகள் இருந்த கிட்டப்பா எந்தப் பேசும் படத்திலும் தோன்றவில்லை. சென்னையில் அகில இந்திய வானொலி தொடங்கியது 1938-ஆம் ஆண்டில். அதற்குள் அவர் மறைந்து நான்காண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் நடந்ததையும், நின்றதையும், கண்ணால் பேசியதையும் காட்டும் படம் நமக்குக் கிடையாது. அவர் ஒரு முழு இரவு பாடியதைப் பதிந்து வைத்த நாடாவும் கிடையாது. அரக்கும் கற்பொடியும் சேர்த்து அழுத்திய பத்தங்குல வட்டத்தில் எவ்வளவு அடங்குமோ அவ்வளவே கிட்டப்பா.

அவ்வளவென்பது எவ்வளவு? ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம். மிஞ்சினால் மூன்றரை நிமிஷம். இரவு உணவுக்குப் பின் தொடங்கிக் கோழி கூவும் வரை நடந்த நாடகத்தில், ஜனங்கள் "ஒன்ஸ்மோர்" என்று ஆர்ப்பரிக்க ஆர்ப்பரிக்க, ஒரே விருத்தத்தை வேறு வேறு விதமாய் விரித்துப் பாடியவர் அவர். அத்தகையவரை ஓர் அறையில் நிறுத்தி, "மூன்று நிமிஷத்துக்குள் முடித்துவிடும்" என்றால் என்ன செய்வார்? ஆலாபனைக்கு இடமில்லை, சந்தோஷப்பட்டு ஒரு சங்கதியைத் திருப்பவும் இடமில்லை. முன்னால் ஜனக்கூட்டமும் இல்லை. நாடகப் பாடகனுக்கு ஜனக்கூட்டம் என்பது நெருப்புக்குக் காற்றுப் போன்றதன்றோ!

இந்தக் குறையை அறிந்துகொண்டே தட்டைக் கேட்டல் வேண்டும் என்பது நமது துணிபு. ஆயினும் குறையே ஒருவகை அழகைத் தந்துவிட்டது என்றும் சொல்வோம். "எவரனி" என்னும் தியாகையர் கீர்த்தனத்தை அவர் பாடியிருக்கும் தட்டை எடுத்துக்கொள்வோம். ராகம் தேவாமிர்தவர்ஷிணி, அடிக்கடி கேட்கக் கூடியதன்று. அபூர்வ ராகம், தெலுங்குச் சாகித்தியம், மூன்று நிமிஷம்: நம் போன்றவர்களுக்கு இம்மூன்றுமே தடை. இருந்தும் இத்தட்டு பட்டிதொட்டியெல்லாம் பாடியது. காரணம் யாது? நேரம் போதாதென்று அவர் அவசரப்பட்டிருப்பார் என்று எண்ணிக் கேட்பவன் ஏமாந்து போவான். பிருகாக்கள் மின்னலென ஓடுகின்றன. ஆனால் ஒன்றின்மேல் ஒன்று இடறுவதில்லை. உருட்டிவிட்ட முத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிவது போல ஒவ்வொரு ஸ்வரமும் தெரிகிறது. மேல் ஸ்தாயியை எட்டும் இடத்தில் மூச்சுப் பிடித்துத் தாவும் சிரமம் சிறிதும் இல்லை. வாசற்படி ஏறுவது போல ஏறிவிடுகிறார். ராகத்தின் பெயரை அறியாத நம் பாட்டிமார், "அந்த மேலே போய் நிற்கிற பாட்டு" என்று சொல்லிக் கேட்பார்கள். சாஸ்திரத்துக்கு அது போதாதாயினும் ரசிகனுக்கு அதுவே போதும்.

இராமலிங்க அடிகளின் விருத்தத்தைப் பாடியிருக்கும் தட்டு வேறு வகை. விருத்தத்துக்குத் தாளம் இல்லை; ஆதலின் சுருக்கவும் பெருக்கவும் பாடகனுக்கு உரிமை உண்டு. அங்கே கிட்டப்பா சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி வைக்கும் நிதானத்தைக் கவனிக்க வேண்டுகிறோம். அக்காலத்து யந்திரம் உயர்ந்த ஒலிகளை முழுவதும் வாங்குவதில்லை; எழுத்துகள் சில மங்கிப் போகும். அப்படியிருந்தும் பாட்டின் பொருள் தடுமாறாமல் நம் காதில் விழுகிறது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் சொல் எட்டியாக வேண்டும் என்று பழகிய நாக்கு அது. ஒலிபெருக்கியை வாயருகே வைத்துக்கொண்டு பாடியும் சொல் விளங்காத சில வித்துவான்கள் இத்தட்டை ஒருமுறை கேட்பது நலம். பெயர் சொல்ல வேண்டா.

அன்பர்களிடையே ஓயாத ஒரு வழக்குண்டு: கிட்டப்பாவின் சுருதி எத்தனை கட்டை? ஆர்மோனியப் பெட்டியை எடுத்துவைத்துத் தட்டோடு ஒத்துப் பார்த்துச் சண்டையிடுவோரை நாம் அறிவோம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. அத்தட்டுகள் நிமிஷத்துக்கு 78 சுற்று என்ற கணக்கில் சுழல வேண்டியவை. பதிவு செய்தபோது யந்திரம் அதே வேகத்தில் ஓடியதா என்பதற்கு எப்போதும் உறுதி கிடையாது. நம் வீட்டு கிராமபோனோ சாவி தளரத் தளர வேகம் குறையும். முடுக்காணியைத் திருகிவிட்டால் வேகம் கூடும். 78 சுற்று ஓட வேண்டியது 82, 83 சுற்று ஓடினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை உயர்ந்துவிடும். கைபேசியில் இன்று கேட்கும் பிரதிகளிலும் இவ்வேற்றுமை உண்டு; ஒரே பாட்டு இரண்டிடத்தில் இரண்டு சுருதியில் ஒலிக்கக் காணலாம். ஆகவே கட்டைக் கணக்கை வைத்து அவரை ஏற்றவும் வேண்டா, இறக்கவும் வேண்டா. ஆண்குரல் அரிதில் எட்டும் உயரம் என்பது மட்டும் எந்த வேகத்தில் ஓடினாலும் மாறாது.

தட்டு எவ்வளவை விழுங்கிவிட்டது என்று அளந்தறிய நமக்கு ஒரு வழி இருக்கிறது. அது சுந்தராம்பாள் அம்மையாரின் குரல். அம்மையாரும் அதே மேடையில், அதே ஜனங்களுக்கு முன், ஒலிபெருக்கியின்றிப் பாடிப் பழகியவர். அவருடைய பழைய தட்டு ஒன்றை முதலிற் கேளுங்கள். பிறகு 1953-ஆம் ஆண்டு வந்த ஔவையார் படத்தில் அவர் பாடியதைக் கேளுங்கள். இரண்டும் ஒருவர் குரலே. ஆனால் பின்னதில் உள்ள கனமும் முழக்கமும் முன்னதில் மெல்லிய கம்பியாய் இளைத்திருக்கும். வயது ஒரு காரணம், யந்திரம் மற்றொன்று. அந்த வித்தியாசத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு மறுபடி கிட்டப்பாவின் தட்டைக் கேட்டால், மேடையில் எப்படி ஒலித்திருக்கும் என்பது ஓரளவு ஊகத்துக்கு வரும். கணவர் மறைந்தபோது அம்மையாருக்கு வயது இருபத்தைந்து. அன்று வெள்ளைப் புடவை உடுத்தவர் 1980-இல் தாம் மறையும் வரை நாற்பத்தேழு ஆண்டுகள் அக்கோலத்தை மாற்றவில்லை. 1935-இல் நந்தனாராக ஆண் வேடம் பூண்டு படத்தில் நடிக்க இசைந்தாரே அன்றி, வேறோர் ஆடவனுக்கு ஜோடியாக நடிக்க இசைந்தாரில்லை. அவர் வீட்டில் அத்தட்டுகள் சுழன்றிருக்குமோ, சுழலாமலே மூடிக் கிடந்திருக்குமோ! நினைக்கவே நெஞ்சு கனக்கிறது.

தட்டுக்கு இன்னொரு பெருமை: அது சீடர்களைப் பெற்றுத் தந்தது. 1945-இல் வந்த ஸ்ரீவள்ளி படத்தில் "காயாத கானகத்தே" பாடிப் புகழ் பெற்ற டி. ஆர். மகாலிங்கம் கிட்டப்பாவின் வழியைப் பின்பற்றியவர் என்பது யாவரும் அறிந்தது. கிட்டப்பா மறைந்தபோது மகாலிங்கம் பாலகர். குருவின் ஸ்தானத்தில் தட்டே இருந்து கற்பித்தது என்று கருத இடமுண்டு. கிராமத்துச் சலூனிலும் தேநீர்க் கடையிலும் அதே தட்டு கற்பித்த, பெயர் வெளிவராத பாடகர்கள் எத்தனை பேரோ!

இவ்வளவும் பேசியதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் பாகப் பிரிவினை நடந்து, பழைய வீட்டைக் காலி செய்தார்கள். பரணிலிருந்து தகரப் பெட்டி ஒன்று இறங்கியது. உள்ளே பதினோரு தட்டுகள். மூன்று உடைந்திருந்தன. ஓட்டு வெயிலின் வெப்பத்தில் இரண்டு அப்பளம் போல் வளைந்திருந்தன. நல்லவையாய் எஞ்சிய ஆறில் கிட்டப்பாவினுடையவை இரண்டு. பழைய இரும்புக்காரன் வாசலில் நின்றிருந்தான். அவன் தராசில் ஏறுமுன் அவ்வீட்டு மருமகள் பெட்டியைத் தடுத்து எடுத்து வைத்தாள். இன்று மாலை நாம் கேட்கப் போவது அவளால் கிடைத்தது.

இதுபோன்ற பெட்டிகள் நம்மவர் வீடுகளில் இன்னும் பல இருத்தல் கூடும். பழைய கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் மணமக்களுக்கருகே கிராமபோன் பெட்டி நிற்பதைக் காணலாம். பெட்டி இருந்தால் தட்டும் இருந்திருக்கும். கிடைப்பவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் போல் நிறுத்தி வையுங்கள். ஸ்பிரிட்டு ஊற்றித் துடைத்துவிடாதீர்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், பாட்டும் அதனோடு போகும். தேய்ந்த ஊசியால் ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் குரலின் ஒரு தோல் உரிகிறது. 78 சுற்றுத் தட்டுக்கென்றுள்ள அகலமான ஊசியைக் கொண்டு ஒருமுறை பிரதி எடுத்துவிட்டால் போதும். நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான அறுபது ஆண்டில் முடிகிறது. ஆகவே இப்பழந்தட்டுகளைப் பிரதி செய்வதற்கு யாரிடமும் அனுமதி கோர வேண்டியதில்லை. உடைந்தாலும் எறிந்துவிடாமல் காகிதச் சிட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் பெயரையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். வைத்துக்கொள்ள இயலாதவர்கள் சங்க அலமாரியில் ஒப்படைக்கலாம். அலமாரிக்குப் பூட்டு உண்டு. சாவி காரியதரிசியிடம் இருக்கிறது.

இனித் தட்டுகளைக் கேட்போம். பிரதி எடுத்தவற்றையே பெரும்பாலும் ஒலிக்கச் செய்யப் போகிறோம். ஒரே ஒரு தட்டை மட்டும், குழந்தைகள் பார்க்க வேண்டுமென்று, புது ஊசி பொருத்திப் பழைய பெட்டியில் வைத்திருக்கிறோம். தொடக்கத்தில் எண்ணெயில் கடுகு பொரிவது போல ஓர் இரைச்சல் கேட்கும். அதைக் கேட்டு யாரும் எழுந்துவிட வேண்டா. பின்வரிசையில் உள்ள பிள்ளைகள் முன்னே வந்து அமரலாம். சாவி கொடுத்தாயிற்று.