ஊரைப் படிக்கும் பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்தது சாப்பாடு. சாம்பார் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன், கவலைப்படாதீங்க.

"நீ இங்கே கணக்குப் படிச்சிட்டு, அப்புறம் சிவில் படிச்சு இன்ஜினியர் ஆனவன். உனக்கு எதுக்குப்பா பண்பாடு பற்றின தலைப்பு?" என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவே இந்த உரையை வைத்துக்கொள்ளலாம்.

பண்பாட்டு ஆய்வு என்று ஒரு துறை இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964-இல் ரிச்சர்ட் ஹோகார்ட் தொடங்கிய மையத்தை அதன் பிறப்பிடமாகச் சொல்வார்கள். அந்த மையம் 2002-இல் மூடப்பட்டுவிட்டது. நமக்கு முக்கியமான விஷயம் வேறு. ஹோகார்ட்டும், அவர் காலத்து ரேமண்ட் வில்லியம்ஸும் அதற்கு முன்னால் பல வருஷம் கல்லூரிக்கு வெளியே, வேலைக்குப் போகிற பெரியவர்களுக்குப் பாடம் நடத்தியவர்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் வாழ்க்கையே பாடமாக மாறியது. பிறகுதான் அது ஒரு துறையாயிற்று.

"அது சீமை சமாச்சாரம், திருப்பனந்தாளுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைப்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்கள் படிப்பதற்காக 1899-இல் தொடங்கிய கல்லூரி ரஸ்கின் கல்லூரி. அதன் முதல்வராக இருந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். அவர்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? 1916-இல் தன் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, "உங்கள் ஊரைப் பற்றி நீங்களே விசாரித்து எழுதி வாருங்கள்" என்று அனுப்பினார். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, வீடு எப்படி, பண்டிகைச் செலவு என்ன என்று மாணவர்கள் எழுதி வந்தார்கள். அது 1918-இல் தென்னிந்திய கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய புத்தகமாக வெளிவந்தது. அந்த ஊர்களில் ஒன்று அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவின் பாலக்குறிச்சி. இன்று அது நாகப்பட்டினம் மாவட்டத்தில், கீழ்வேளூர்ப் பக்கம் இருக்கிறது.

அந்த வேலை அதோடு நிற்கவில்லை. 1930-களில் பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராயச் செய்து, 1940-இல் புத்தகமாக்கினார்கள். 2019-இல்கூட ஃபவுண்டேஷன் ஃபார் அக்ரேரியன் ஸ்டடீஸ் என்ற ஆய்வு நிறுவனம் பாலக்குறிச்சிக்கும் வெண்மணிக்கும் போய்க் கணக்கெடுத்தது. மாணவர்கள் லீவில் செய்த வேலை, நூறு வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க உதவுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொருளாதாரம் சொல்லிக்கொடுக்க வந்த அதே ஸ்லேட்டர், 1924-இல் இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். கூலிக் கணக்கில் தொடங்கியவர் பண்பாட்டில் போய் நின்றார். ஊருக்குள் இறங்கிவிட்டால் இந்தத் துறை, அந்தத் துறை என்ற வரப்பு நிற்பதில்லை.

ஆனால் ஒரு குறையையும் பார்க்க வேண்டும். 1916-இல் கல்லூரிக்குப் போனவர்கள் யார்? பெரும்பாலும் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள். பண்ணையாளிடம் அவர் கேட்பது ஒரு கேள்வி, பண்ணையாள் சொல்லத் துணிவது வேறு ஒரு பதில். நம் ஜில்லாவில் பண்ணையாளுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-இல்தான். கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தது 1968 டிசம்பர் 25-இல்.

இன்று நிலைமை வேறு. அந்தப் பண்ணையாளின் பேத்தியும், நிலக்காரரின் பேரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். வீட்டில் முதல் பட்டதாரி என்று சொல்லும் பிள்ளைகள் எத்தனையோ பேர். 1916-இல் எழுதப்படாமல் போன பாதியை எழுதக்கூடியவர்கள் இவர்கள்தான். அதற்கு நாம் மதிப்பெண் கொடுக்கிறோமா என்பதே என் கேள்வி.

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். ஒரு வடிகால் வேலைக்கு லெவல் எடுத்துக்கொண்டிருந்தோம். களை எடுக்க வந்த ஒரு அம்மா கரையில் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, ஐப்பசி மழையில தண்ணி இந்தப் பக்கமாத்தான் ஏறும். நாங்க முழங்கால் தண்ணியில நிக்கிறது இங்கதான்" என்றார். எங்கள் கருவி அன்றைய மட்டத்தைச் சொன்னது. அவர் நாற்பது வருஷ மட்டத்தைச் சொன்னார். இரண்டும் சேர்ந்தால்தான் வரைபடம் சரியாக வரும். அந்த அம்மாவிடம் கேட்க வேண்டியது அதோடு முடியவில்லை. நடவுப் பாட்டு அவருக்குத் தெரியும். இன்று டெல்டாவில் நடவுக்கு மிஷின் வருகிறது, வங்காளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர் தலைமுறையோடு அந்தப் பாட்டு போய்விட்டால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தாடகையீச்சரத்தில் சாய்ந்திருந்த லிங்கத்தைச் சோழ மன்னன் யானை பூட்டி இழுத்தும் நிமிர்த்த முடியவில்லை, குங்கிலியக்கலயர் தன் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்து நிமிர்த்தினார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. தமிழ்த் துறை மாணவர் அதைப் படிக்கட்டும். வரலாற்று மாணவர் கோயில் கல்வெட்டைப் பார்க்கட்டும். என்னைப் போன்றவன் வண்டல் மண்ணில் கட்டடம் எப்படி உட்காரும் என்று யோசிக்கட்டும். ஒரே கோயில், மூன்று பாடம்.

சுவாமிமலைக்குப் போங்கள். ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பொறியியல் இயற்பியல் படித்த சாரதா சீனிவாசன், தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளின் உலோகத்தை ஆராய்ந்து பெயர் பெற்றவர். 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆய்வுக்கூடத்தோடு நிற்காமல் அவர் சுவாமிமலைப் பட்டறைகளையும் ஆராய்ந்தார். சயின்ஸ் படித்தவருக்குக் கலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவரே பதில்.

சரி, என்ன செய்யலாம்? என்.எஸ்.எஸ். 1969-லிருந்து இருக்கிறது. கிராமங்களைத் தத்தெடுக்கும் உன்னத் பாரத் அபியான் 2014-இல் வந்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் அவற்றில் நாம் ஊருக்குக் கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணமே மேலோங்கி நிற்கிறது. நான் கேட்பது, ஊரிடம் கற்றுக்கொள்ளப் போகும் ஒரு பாடம். அதற்கு நான்கு யோசனைகள்.

ஒன்று, வேறு வேறு துறை மாணவர் இரண்டு பேர் ஜோடியாக, ஒரு பருவம் முழுக்க ஒரு ஊருக்குப் போக வேண்டும். தமிழும் கணக்கும், வணிகவியலும் வரலாறும் என்று.

இரண்டு, சொல்லிக்கொடுக்கும் ஊர்க்காரருக்கு, நடவு அம்மாவானாலும் ஸ்தபதியானாலும், மதிப்பூதியம் தர வேண்டும். கெஸ்ட் லெக்சரருக்குக் கொடுக்கிறோமே, அதைப்போல.

மூன்று, எழுதியதை அந்த ஊரிலேயே, எல்லாத் தெருக்காரரும் வரக்கூடிய பொது இடத்தில் படித்துக் காட்ட வேண்டும். தப்பு இருந்தால் அவர்களே திருத்துவார்கள். ஒரு பிரதி ஊர் நூலகத்தில் இருக்க வேண்டும்.

நான்கு, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அதே கேள்விகளோடு அதே ஊருக்கு மறுபடி போக வேண்டும். ஸ்லேட்டரின் வேலைக்கு மதிப்பு கூடியது இதனால்தான்.

நம் ஊரின் காசித் திருமடத்து மரபு பதினேழாம் நூற்றாண்டுக் குமரகுருபரரிடமிருந்து வருவது. அவர் காசிக்குப் போனபோது அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொண்டு பேசினார் என்பது நம்மவர் வழிவழியாகச் சொல்வது. போன ஊரின் மொழியைக் கற்றவரின் மரபு இருக்கும் மண்ணில், பக்கத்துத் தெருவின் மொழியைக் கற்பது கஷ்டமா என்ன?

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். பஸ் செலவு, மதிப்பூதியம், அச்சுச் செலவு, அவ்வளவுதான். நம் சங்கம் முதல் 5 ஊர்களை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் ஒரு ஊரின் செலவு என் பொறுப்பு. மற்ற நான்குக்கும் இலை போடுவதற்குள் கை தூக்குங்கள்!