நிறமும் பார்வையும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழக விழாவில் தேர்வு, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நான் இன்று ஓவியத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். "வயிற்றுக்கு வழி தேடும் நமக்கு ஓவியம் எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு காலத்தில் நானும் அவ்வாறே எண்ணியவன்தான்.

என் தந்தையார் தாம்பரம் வட்டாரத்தில் வீடுகளுக்கு வெள்ளையடித்து எங்களை வளர்த்தவர். சுண்ணாம்பு கரைத்த வாளியில் சிறிதளவு நீலம் போடுவார். "அப்பா, வெள்ளையடிக்க நீலம் எதற்கு?" என்று சிறுவனாகிய நான் கேட்டேன். "சுண்ணாம்பின் மஞ்சளை நீலம் அடக்கும், அப்போதுதான் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும்" என்றார். பள்ளிக்கூடம் காணாத அவர் சொன்னது அறிவியல் உண்மை. அவர் உள்ளறை வரை சென்று வெண்மையாக்கிய வீடுகள் சிலவற்றில், மறுநாள் கூலி கேட்கச் சென்றபோது தெருவாசலிலேயே நிறுத்தப்பட்டார். அதையும் நான் கண்டேன்.

பாரிசு நகரத்தின் கோப்லான் நெசவுச் சாலையில், கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று ஒரு குறை எழுந்தது. அங்குச் சாயப் பகுதியை மேற்பார்த்த செவ்ரெல் என்னும் வேதியியல் அறிஞர் ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, அருகிலிருந்த நிறங்களே கறுப்பை மங்கச் செய்தன என்று கண்டார். 1839-இல் அதை நூலாக வெளியிட்டார். யோசெப் ஆல்பர்ஸ் என்னும் ஓவிய ஆசிரியரும் 1963-இல் வெளியிட்ட நூலில், ஒரே நிறம் இரு பின்னணிகளில் இரு நிறமாகத் தோன்றுவதை விளக்கினார். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சாம்பல் நிறத் தாளை இரண்டாக வெட்டி, ஒன்றைக் கறுப்புத் தாளிலும் மற்றொன்றை வெள்ளைத் தாளிலும் வையுங்கள். கறுப்பின்மேல் வெளிறியும், வெள்ளையின்மேல் கறுத்தும் தோன்றும். தாள் ஒன்றே, மாறியது சூழல்.

மனிதர், மரம், மாடு என்று எவ்வுருவமும் காட்டாமல், நிறத்தையும் கண்ணையும் மட்டுமே பேசவிடும் ஓவியத்தை அரூப ஓவியம் என்பர். அதனைக் காண நாம் பாரிசு செல்ல வேண்டுவதில்லை. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கடற்கரைச் சாலையை அடைந்தால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உள்ளது. சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் 1966-இல் இளம் ஓவியர்களுடன் அதனை நிறுவினார். பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் அவர்கள் நிலம் வாங்கினர். வயிற்றுக்கு வழி கேட்போருக்கு அதுவே விடை. பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையில் எழுத்துப் போன்றவை நிறைந்திருக்கும். ஆனால் படிக்க இயலாது, பார்க்கத்தான் இயலும்.

திருச்சி மாவட்டத்தில் 1938-இல் பிறந்த கே. எம். ஆதிமூலம், காந்தியடிகளைக் கறுப்புக் கோடுகளால் வரைந்து புகழ் பெற்றார். பின்னர் உருவத்தை விட்டு நிறப்பரப்புகளையே தீட்டினார். 2008-இல் மறைந்தார்.

மாணவர்களை ஒருமுறை சோழமண்டலம் அழைத்துச் சென்றேன். "ஐயா, இது என்ன படம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "உனக்கு என்ன தெரிகிறது?" என்றேன். நெடுநேரம் நின்றவள், "சிவப்பு முன்னே வருகிறது, நீலம் பின்னே போகிறது" என்றாள். வகுப்பில் வாய் திறவாதவள் அவள். பிறர் சொல்லித் தராததைத் தன் கண்ணால் கண்டு, தன் வாயால் சொன்னாள்.

இளைஞர்களே, நம்மைப் பிறர் மங்கலாகக் கண்டதும் நம் குறையன்று. வைத்த இடத்தின் குறை. ஆயினும் தாளைப் போல் வைத்த இடத்திலேயே கிடக்க வேண்டியவர் அல்லர் நாம். அதற்காகத்தான் இக்கழகம் தோன்றியது.

இறுதியாக ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். தேர்வு நெருங்கியபோதெல்லாம் ஓவிய வகுப்பை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்தவன் நான். வெள்ளையடித்தவரின் மகன் அதைச் செய்திருக்கக் கூடாது. நம் மாலை வகுப்பில் வாரம் ஒரு மணி நேரம் ஓவியத்திற்கு ஒதுக்குங்கள். வண்ணப் பெட்டிகளை நான் வாங்கித் தருகிறேன். ஆர்வமுள்ளோர் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வை எழுதட்டும். இட ஒதுக்கீடு அங்கும் உண்டு.