வாந்திபேதி வந்த வழி
(பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே நிகழ்த்திய உரை)



இருவேறு நெல் வகைகளின் நாற்றுக்கள் இளமையில் ஒன்றுபோலவே தோன்றும். கதிர் வந்த பின்னரே வேறுபாடு விளங்கும். வாந்திபேதிக் கிருமிகளோ எக்காலத்தும் ஒன்றுபோலவே காணப்படும். எந்நாட்டுக் கிருமியாயினும் நுண்ணோக்கியில் வளைந்த சிறு கோல் போன்றதே. உருவத்தைக் கொண்டு அது எங்கிருந்து வந்தது என்று கூற இயலாது.

ஆயினும், ஒவ்வொரு கிருமியினுள்ளும் டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் உண்டு. அது நான்கே எழுத்துக்களால் எழுதப்பெற்ற நீண்ட ஏடு போன்றது. வாந்திபேதிக் கிருமியின் ஏட்டில் ஏறத்தாழ 40 லட்சம் எழுத்துக்கள் உள்ளன. கிருமி பெருகுகையில் இவ்வேடு படியெடுக்கப்படுகிறது. அப்போது அரிதாக ஓர் எழுத்து மாறிவிடும். அம்மாற்றம் வழிவழியாகத் தொடரும். ஆகவே, இரு கிருமிகளின் ஏடுகளில் வேறுபாடு மிகக் குறைவாயின், அவை அண்மையில் பிரிந்த உறவினவை என்று அறியலாம்.

கரீபியக் கடலிலுள்ள ஹைத்தி நாட்டில் 2010 அக்டோபரில் வாந்திபேதி தோன்றியது. அதற்குமுன் ஒரு நூற்றாண்டுக் காலம் அங்கு அந்நோய் காணப்பட்டதில்லை. ஆர்ட்டிபோனிட் ஆற்றின் துணையாறு ஒன்றையொட்டி நோய் தொடங்கிற்று. அத்துணையாற்றின் அருகே ஐக்கிய நாடுகள் அமைதிப்படை முகாமில் நேபாள வீரர்கள் தங்கியிருந்தனர். நேபாளத்தில் எடுத்த 24 கிருமி மாதிரிகளை ஹைத்திக் கிருமிகளோடு ஒப்பிட்ட ஆராய்ச்சி 2011-இல் வெளியாயிற்று. நேபாள மாதிரிகளுள் சில, ஓரிரண்டு எழுத்துக்களிலேயே ஹைத்திக் கிருமியினின்றும் வேறுபட்டன.

வீரர்களைப் பழிப்பது முறையன்று. நோய்க்குறி ஏதுமின்றியே ஒருவர் இக்கிருமியைச் சுமந்திருக்கக்கூடும். அம்முகாமின் கழிவு ஆற்றில் கலவாமல் தடுக்கப் போதிய ஏற்பாடு இல்லை என்று, ஐக்கிய நாடுகள் சபை அமைத்த நிபுணர் குழுவே 2011-இல் கூறிற்று. அந்நோயால் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 2016 டிசம்பரில் சபையின் பொதுச் செயலாளர் பான் கி மூன் ஹைத்தி மக்களிடம் மன்னிப்புக் கோரினார்.

ஏட்டைப் படித்ததனால் நோய் வந்த வழி துலங்கிற்று, மாண்டவர் மீளவில்லை. அவ்வழியை முன்னரே அடைப்பது நம் கையில் இருக்கிறது. கழிவறைக் குழி கிணற்றுக்கு அண்மையில் இருத்தலாகாது. குடிநீர்த் தொட்டியில் குளோரின் தவறாது இடப்பெறவேண்டும். ஊரில் சிலருக்கு ஒருசேர வயிற்றுப்போக்குக் கண்டால், ஊரின் பெயர் கெடும் என்று மறைக்காமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவியுங்கள். மாதிரி எடுப்பதற்கு ஒத்துழையுங்கள். மாதிரி இன்றேல் எந்த ஏட்டையும் படிக்க இயலாது.